மணலுக்குள் தங்கும் மழை

(மன்னாரில் சுற்றுலா வழிகாட்டிகளும் ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மன்னார்க் கரையின் நன்னீர் ஊற்றுகளைப் பற்றியும் அவற்றை நாடிப் போகும் பயணங்களைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். வழிகாட்டிகளாக வேலை செய்யும் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். வருகிறவர்கள் உங்களிடம் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்கக் கடலில் கிடந்தாயிற்று, உடம்பெல்லாம் உப்பு, நல்ல தண்ணீரில் முழுக எங்கே போகலாம்? எல்லயிலும் நுவரெலியாவிலும் அருவிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இங்கேயும் ஓர் ஊற்றாவது இருக்கும் என்று நினைப்பது இயல்புதான். அவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். மன்னார்த் தீவில் பாறையைப் பிளந்துகொண்டு கொப்பளிக்கும் ஊற்று கிடையாது. மலை இல்லை, குன்றும் இல்லை. இருப்பதெல்லாம் மணல், பனை, உடைமரம், பள்ளிமுனையில் ஒரு பெருக்க மரம், தெரு நிறையக் கழுதைகள்.

அப்படியானால் இந்தத் தீவில் இத்தனை தலைமுறை எதைக் குடித்து வாழ்ந்தது? இந்தப் பேச்சில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். அதனால் அங்கே கொஞ்சம் அதிகமாகவே நிற்கப் போகிறேன்.

தீவின் பரப்பு ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர். ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். தீவுக்குள் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. பள்ளங்களில் சில நாள் தேங்கும், மிச்சத்தை மணல் குடித்துவிடும். குடித்த தண்ணீர் கீழே போய் என்ன செய்கிறது? சுற்றிவரக் கடல் என்பதால் தீவுக்கு அடியிலும் உப்புநீர் நிற்கிறது. மழைநீர் அதைவிட இலேசானது. அதனால் உப்புநீரோடு எளிதில் கலக்காமல் அதன்மேல் ஒரு படலமாக மிதக்கிறது. 1880களின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியியலாளர் படோன் ஹைபனும், 1901இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே இந்தக் கணக்கைப் போட்டார்கள். ஹெர்ஸ்பெர்க் போட்டது வடகடலில் உள்ள ஒரு மணல் தீவில், நம்மைப் போன்ற இடத்தில். நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர்வரை இருக்கலாம் என்பது அவர்கள் கண்ட விகிதம். நிலம் ஏட்டுக் கணக்கைப் போல நேராக நடப்பதில்லை. அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, களி இருக்கிறது, கடலின் வற்றுப்பெருக்கு இருக்கிறது. ஆகவே எல்லா இடத்திலும் 40 மீட்டர் கிடைக்கும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். ஆனால் கணக்கின் மறுபக்கம் எங்கும் செல்லும்: மேலே ஒரு சாண் இறங்கினால் கீழே பல முழம் போய்விடும்.

படித்தவர்களுக்கு 1880களில்தான் தெரிந்தது உருமலைப் பக்கத்து மீனவர்களுக்கு எப்போதோ தெரியும். தலைமன்னாருக்கு அப்பால், மணல் திட்டுகளுக்குப் பின்னால் வாடி போட்டிருக்கும் ஒருவர் பூவல் தோண்டுவதை நின்று பார்த்திருக்கிறேன். கடலுக்குப் பக்கத்தில் தோண்டுவார் என்று எண்ணினேன். அவர் திட்டின் மறுபுறம் போய், புல் கொஞ்சம் பச்சையாக நின்ற பள்ளத்தில் குந்தினார். கையாலும் தேங்காய்ச் சிரட்டையாலும் மணலை அள்ளினார். முழங்கை அளவு இறங்கியதும் மணல் கறுத்தது. இன்னும் கொஞ்சம் இறங்க, ஓரங்களிலிருந்து தண்ணீர் கசிந்து அடியில் கூடியது. முதலில் ஊறியது கலங்கல். அதை இறைத்து வீசினார். இரண்டாவதையும் வீசினார். மூன்றாவது ஊறலில் அடி மணல் தெளிவாகத் தெரிந்தது. குடித்துப் பார்த்தேன், துளி உப்பும் இல்லை. நூறு பாகத்துக்குள் அலை அடிக்கிறது. எனக்கு ஆசை விடவில்லை, இன்னும் ஆழமாக்கினால் என்ன என்று கேட்டேன். "இன்னும் ஒரு சாண் இறக்கினா சவர் ஏறிடும் ஐயா. இது போதும், ஊற ஊற அள்ளுவம்" என்றார். கையிலிருந்த சிரட்டையைக் கழுவிப் பூவலுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார், அடுத்து வருகிறவருக்காக.

ஹெர்ஸ்பெர்க் சொன்னதும் இதைத்தான். சட்டிப் பாலில் ஆடையை எடுக்கிறவள் அகப்பையை ஆழ விடமாட்டாள், மேலாக ஒதுக்கித்தான் எடுப்பாள். தீவின் பழைய கிணறுகள் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருப்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை. கைவாளியால் இறைத்தால் மட்டம் மெல்ல இறங்கி மெல்ல ஏறும். குழாய்க்கிணற்றில் மோட்டாரைப் போட்டு ஒரே இடத்தில் உறிஞ்சினால், கீழே கிடக்கும் உப்புநீர் அந்த இடத்தில் கூம்பாக மேலே எழும்பி வரும். ஒருமுறை சவர் ஏறிய கிணறு மீள இரண்டு மூன்று மாரி வேண்டும். சிலது மீள்வதே இல்லை.

இது மன்னாருக்கு மட்டுமான கதையும் அல்ல. மணல் திடல்களைத் தாண்டிச் சுமார் 30 கிலோமீட்டர் போனால் தனுஷ்கோடி. 1964 டிசம்பர்ப் புயல் அந்த ஊரை அழித்தபின், மிச்சமிருந்த மீனவர் குடும்பங்கள் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடித்தன. அதே இராமேசுவரத் தீவில் தங்கச்சிமடத்துக் கரையோரம் வில்லூண்டித் தீர்த்தம் இருக்கிறது. கடலுக்குள் போட்ட பாலத்தில் நடந்து போக வேண்டும், சுற்றிவர உப்புநீர், நடுவில் நல்ல தண்ணீர்க் கிணறு. இராமர் வில்லை ஊன்றினார் என்று தலபுராணம். புராணத்தை நான் மறுக்க வரவில்லை. நிலத்தின் நன்னீர் கடலடி வழியாக வெளியேறத் தேடும் வாய் அது என்பதையும் சேர்த்துச் சொன்னால், பார்க்கிறவருக்கு வியப்புக் கூடும் என்பதே என் அனுபவம்.

கண்ணால் காணக்கூடிய ஊற்று, நீந்தக்கூடிய ஊற்று வேண்டும் என்று அடம்பிடிக்கும் பயணியை நீங்கள் கீரிமலைக்கு அனுப்பலாம். வட மாகாணத்தில் இந்தப் பொருளுக்கு நேரான உதாரணம் அதுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், நகுலேசுவரம் கோயிலுக்கு அருகே, கடலையும் கேணியையும் ஒரு மதில்தான் பிரிக்கிறது. மதிலின் ஒரு பக்கம் பாக்குநீரிணை அலை வந்து மோதித் தெறிக்கும். மறுபக்கம் சின்னப் பெடியள் மதிலில் ஏறித் தலைகீழாகக் குதிப்பார்கள். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லில் மழைநீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அரித்த பொந்துகளும் வழிகளும் இருக்கின்றன. உள்ளூரில் பெய்த மழை அவற்றின் வழியே நடந்து வந்து, கடலை எட்டும் இடத்தில் கேணிக்குள் எழும்புகிறது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டு கேணிகள். ஆடி அமாவாசையன்று தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் கழித்து முழுகுவார்கள், கால் வைக்க இடமிராது. மற்ற நாட்களில் ஞாயிற்றுக்கிழமைக் குளியல், சோற்றுப் பொதி, வான் பிடித்து வந்த குடும்பங்கள். நீத்தாருக்கு நீர் இறைப்பதும் பிள்ளைகள் குதித்து விளையாடுவதும் ஒரே படிக்கட்டில் நடக்கும், யாருக்கும் அது முரணாகத் தெரிவதில்லை. போர்க்காலத்தில் பல ஆண்டுகள் சனம் நெருங்க முடியாத இடமாக அது கிடந்தது. இன்று திரும்பவும் நிறைகிறது. படிகளில் பாசி வழுக்கும், வயதானவர்களைக் கையைப் பிடித்து இறக்குங்கள்.

அதே சுண்ணாம்புக்கல்லில்தான் புத்தூர் நிலாவரையும் இருக்கிறது. அடி காணாத கிணறு என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் எமர்சன் டெனன்ட் தன் இலங்கை நூலில் புத்தூர்க் கிணற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. உருமலைப் பூவலில் ஒரு சாணில் இருக்கும் பாடம் அங்கே பல பாகத்தில் இருக்கிறது. திருகோணமலைக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் வேறு கதை. அங்கே சூடு நிலத்தின் ஆழத்திலிருந்து வருகிறது, நம் மணலுக்கும் அதற்கும் உறவில்லை.

கீரிமலையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லில் உள்ள பொந்துகள் நீரைக் கொண்டுவருவது போலவே அழுக்கையும் கொண்டுவரும், வடிகட்டுவது மிகக் குறைவு. அதே குடாநாட்டின் சுன்னாகத்தில் மின்நிலையத்துக்கு அருகே கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்து, வழக்கு உயர்நீதிமன்றம்வரை போய், 2019இல் 2 கோடி ரூபா இழப்பீடு கட்டும்படி தீர்ப்பு வந்தது. கிணறு கெட்ட குடும்பங்கள் அதுவரை பவுசர் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றார்கள். நிலத்துக்கு மேலே செய்வது கீழே போய்ச் சேர எவ்வளவு காலம் என்பதை அவர்களிடம் கேட்க வேண்டும்.

உல்லாசத்துக்குப் பேர் பெற்ற ஊற்றுகளே அழிந்துபோவதும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவிலும் அடியில் சுண்ணாம்புக்கல்தான். உலகத்தில் பெரிய ஊற்றுகள் கூட்டமாக இருப்பது அங்கே. அங்கே போக் கவுண்டியில் கிசெங்கன் என்றொரு ஊற்று இருந்தது. நாளொன்றுக்கு 2 கோடி கலன் அளவுக்குத் தண்ணீர் கக்கியது. குதிக்கப் பலகை, உடை மாற்றக் கொட்டகை, நடனமாட மேடை, விடுமுறை நாளில் ஊரே அங்கே. அரசியல்வாதிகள் கூட்டம் போடவும் அந்த ஊற்றங்கரைக்கே வருவார்கள். சுற்றுவட்டாரத்தில் பொஸ்பேற்றுச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் நிலத்தடி நீரை இறைத்தார்கள். 1950 பெப்ரவரியில் ஊற்று நின்றது. யாரும் ஊற்றில் கை வைக்கவில்லை, குப்பை போட்டு அடைக்கவும் இல்லை. மைல் கணக்கில் தள்ளி இறைத்தார்கள், அவ்வளவுதான். இன்று அங்கே செடி மண்டிய ஒரு பள்ளம் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். மன்னார் மணலில் இல்மனைட் கனிமம் இருக்கிறதா என்று அவுஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தீவெங்கும் துளையிட்டுப் பார்த்தது. தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரிலிருந்து சுழல்கிறது: 30 காற்றாலைகள், 100 மெகாவாட். மேலும் காற்றாலை வேண்டாம், மணலை அகழ வேண்டாம் என்று 2025இல் இந்த ஊர் தெருவில் நின்றது. உங்களில் பலர் அங்கே நின்றிருப்பீர்கள். காற்றாலை வந்தபின் வெள்ளம் வடியவில்லை என்பது பேசாலைப் பக்கத்துச் சனத்தின் முறைப்பாடு. அதை ஆள் வைத்து அளந்து பார்க்க வேண்டும், மேடையில் நின்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மணல் அகழ்வைப் பற்றி எனக்கு ஐயம் இல்லை. காற்றாலையைக் கழற்றலாம். மழையைத் தாங்கி வைத்திருக்கும் மணல் திட்டைத் தோண்டி எடுத்து, கனிமத்தைப் பிரித்து, மிச்சத்தைத் திரும்பக் கொட்டினால், திட்டின் உயரமும் அடுக்கும் பழையபடி இராது. திட்டுத் தாழ்ந்து நன்னீர் மட்டம் ஒரு முழம் இறங்கினால் அடியில் என்ன நடக்கும் என்ற கணக்கை முன்னரே சொல்லிவிட்டேன்.

அகழ்வுக்காரரைக் குறை சொல்லும் நாம் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும், சுற்றுலாவின் பக்கத்தை. தலைமன்னார்க் கரைக்குக் காற்றுப் பட்டத்தில் நீர்ச்சறுக்கு விளையாட வெளிநாட்டவர் வருகிறார்கள். நல்ல வருமானம், நல்ல பிள்ளைகள். அவர்களுக்கு வேண்டியது சோளகக் காற்று. அது வைகாசி முதல் புரட்டாதிவரை அடிக்கும். தீவின் நன்னீர்ப் படலம் மிக மெலிந்து கிடப்பதும் அதே மாதங்களில்தான். கடலிலிருந்து ஏறும் ஒவ்வொருவரும் உப்புப் போக ஒருதரம் முழுகுகிறார்கள், பட்டத்தையும் பலகையையும் கழுவுகிறார்கள். பக்கத்து வளவில் ஒரு கொட்டுக்கிணற்றை நம்பி ஐந்து குடும்பம் இருக்கிறது. பயணிக்கு அது தெரியாது, யாரும் சொல்வதில்லை. விடுதி நடத்துகிறவர்கள் மாரியில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக் கழுவலுக்கு அதைக் கொடுக்கலாம், உப்புக் கழுவ முதல் தண்ணீராகச் சவரையே கொடுக்கலாம். செலவு அதிகமில்லை. கிணற்றில் மோட்டார் வைப்பது இதைவிட இலேசு என்பதால்தான் யாரும் செய்வதில்லை.

சரி, முழுகத்தான் எங்கே போவது? தீவை விட்டுப் பாலம் கடந்து பெருநிலத்துக்கு வாருங்கள். நம் முன்னோரும் அப்படித்தான் செய்தார்கள். முத்துக்குளிப்புக் காலத்தில் கொண்டச்சிக் கரையில் ஒரு நகரமே சில வாரங்களுக்கு முளைக்கும். 1905இல் மட்டும் 8 கோடிச் சிப்பிகள் எடுத்தார்கள். 1906இல் மறிச்சுக்கட்டி முகாமில் வேலை பார்த்தவர்களில் பின்னாளில் எழுத்தாளரான இளைஞர் லெனார்ட் வுல்ஃபும் ஒருவர். அத்தனை பேருக்கும் குடிதண்ணீர் எங்கிருந்து? பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்போர், கடலடியில் நன்னீர் ஊறும் இடம் தெரிந்து, தோற்பையோடு மூழ்கிக் குடிதண்ணீர் பிடித்தார்கள். நம் கரையில் அந்த வசதி இல்லை. 1803இல் வெளிவந்த தன் நூலில் றொபேர்ட் பேர்சிவல், அந்த வட்டாரத்தில் நல்ல தண்ணீருக்கு அரிப்புக்குத்தான் போக வேண்டும் என்று எழுதினார். ஆளுநர் நோர்த் தன் மாளிகையை அரிப்பில் கட்டியதில் தண்ணீருக்கும் பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம். அதன் இடிபாட்டைக் கடல் இன்று மெல்லத் தின்றுகொண்டிருக்கிறது. அரிப்பில் தண்ணீர் ஏன் நன்றாக இருந்தது? அருவி ஆறு கடலில் சேரும் இடம் அது. அநுராதபுரத்தில் மல்வத்து ஓயா என்று ஓடுவதே நம் எல்லைக்குள் வந்ததும் அருவி ஆறு.

ஆற்றங்கரையோடு மேலே போனால் குஞ்சுக்குளத்துத் தொங்கு பாலம், அந்தப் பக்கத்திலேயே தேக்கம். பழங்காலத்தவர் பெரிய கருங்கற்களை அடுக்கி ஆற்றைக் குறுக்கே மறித்த இடம் அது. மறித்த தண்ணீரை வாய்க்காலில் திருப்பிக் கட்டுக்கரைக் குளத்துக்குக் கொண்டுபோனார்கள். மாரி ஓய்ந்து, வெள்ளம் தணிந்து, தண்ணீர் தெளிந்து கல்லின்மேல் வழியும் தை, மாசியில் போய்ப் பாருங்கள். மருத மர நிழல், முழங்காலளவு ஓட்டம், காலுக்கடியில் வழுவழுத்த கல். நான் அறிந்த வரையில் இந்த மாவட்டத்தில் சனம் விரும்பி முழுகும் இடம் அதைவிட நல்லது இல்லை. வெள்ள நாளில் மட்டும் இறங்க விடாதீர்கள், கற்களுக்கிடையே இழுப்பு இருக்கும். கோடை முற்றினால் ஆறு மணலாகிவிடும், அங்கேயும் பூவல்தான்.

கட்டுக்கரைக் குளக்கட்டில் மாலைக் காற்று வாங்கலாம், பறவை பார்க்கலாம். தாதுசேன மன்னன் கட்டியது என்பார்கள், வெள்ளைக்காரர் காலத்தில் திருத்தினார்கள். முழுகுவதானால் ஊர்ச்சனம் இறங்கும் துறையில் மட்டும் இறங்குங்கள். முதலை இருக்கிறது. பயணியைப் பயமுறுத்த வேண்டாம், ஆனால் சொல்லாமலும் விட வேண்டாம்.

பாலாவி மிச்சம். சுந்தரர் பாடிய பாலாவி. திருக்கேதீச்சரத்துக்கு அருகே, ஒருகாலத்தில் சீனக் கலமும் பாரசீகக் கலமும் வந்து போன மாதோட்டத்தின் வாசலில் கிடக்கும் நீர்நிலை. அதை உல்லாச நீச்சலுக்கு விடலாமா என்று சென்ற முறை ஒரு வழிகாட்டி கேட்டார். வேண்டாம் என்பேன். அங்கே முழுகுகிறவர்கள் முழுகத்தான் செய்கிறார்கள், ஆனால் சாமி கும்பிட வந்தவர்கள். மகா சிவராத்திரியன்று ஆயிரக்கணக்கானோர் செம்பிலும் குடத்திலும் பாலாவித் தண்ணீரை மொண்டு வரிசையில் நடந்துபோய், தங்கள் கையாலேயே இலிங்கத்துக்கு ஊற்றுவார்கள். சாதி கேட்காமல், ஊர் கேட்காமல் எல்லோரும் ஊற்றும் வழக்கம். வெளிநாட்டுப் பயணியை அன்றைக்கு அழைத்துப் போங்கள். வேட்டியோ சேலையோ உடுக்கச் சொல்லி, அவர் கையிலும் ஒரு செம்பைக் கொடுத்து வரிசையில் நிறுத்துங்கள். நீச்சல் உடுப்பில் அழைத்துப் போகாதீர்கள்.

சிவராத்திரி வருவதும் மாசியில்தான். தேக்கத்தில் தெளிந்த தண்ணீர் வழிவதும் அப்போதுதான். வங்காலைச் சரணாலயத்தில் பூநாரை நிற்கும் காலமும் அது. 2010இல் றாம்சார் ஈரநிலமாக அறிவித்த இடம், பறவை பார்க்கவே உலகின் பல மூலைகளிலிருந்து சனம் வரும். தீவின் கிணறுகளில் மட்டம் உயர்ந்து நிற்பதும் தை, மாசியில்தான். ஆகவே நன்னீரைத் தேடி வருகிறவர் கேட்டால் தை, மாசி என்று சொல்லுங்கள். காற்றைத் தேடி வருகிறவர் சோளகத்தில் வரட்டும், அவருக்கு வாளியை அளந்து கொடுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக் கிணற்றிலும் மாதம் ஒருநாள், கயிற்றில் கல் கட்டி இறக்கித் தண்ணீர் மட்டத்தை அளந்து கொப்பியில் எழுதப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். உப்பின் அளவு பார்க்கும் சின்னக் கருவிக்குப் பெரிய விலை இல்லை. எருக்கலம்பிட்டியில் ஒன்று, தாழ்வுபாட்டில் ஒன்று, பேசாலையில் ஒன்று, தலைமன்னாரில் ஒன்று என்று நாலு கொப்பி சேர்ந்தால், அடுத்த முறை மணல் அகழவோ விடுதி கட்டவோ ஒருவர் வரைபடத்தோடு வந்து நிற்கும்போது நாமும் மேசையில் ஒரு கணக்கை வைக்கலாம். பதிவை எப்படி எழுதுவது என்று காட்ட ஒரு மாதிரித் தாள் கொண்டுவந்திருக்கிறேன். கேள்விகள் முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.